இடமிருந்து வலம் பத்தொன்பது

மணி ஏழே முக்கால். எட்டுக்குள் அன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் விளக்கவுரை இணையத்தில் ஏறியாக வேண்டும். ராட்னி மெட்காஃப் இருபத்தேழு குறிப்புகளுக்கு விளக்கம் எழுதி முடித்துவிட்டு, இருபத்தெட்டாவது குறிப்பை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேநீர் ஆறிப்போயிருந்தது.

விடை தெரியாமல் இருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. விடை தெரிந்துவிட்டது. அது எப்படி விடையாயிற்று என்பதுதான் தெரியவில்லை.

"இடமிருந்து வலம் பத்தொன்பது. செவ்வாயன்று அம்மா வீட்டில் காய்ச்சல் பார்க்க" என்று ஒன்பதாவது முறையாக வாய்விட்டுப் படித்தார்.

"யாருக்குக் காய்ச்சல்?" என்றாள் அவர் மனைவி கிளெனிஸ், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"யாருக்கும் இல்லை. குறிப்பு. விடை தெர்மாமீட்டர்."

"அப்போ முடிஞ்சுது. கடையைத் திறக்கப் போ."

"எங்கே முடிஞ்சுது? 'காய்ச்சல் பார்க்க'ங்கிறதுலேயே தெர்மாமீட்டர் வந்துடுது. அப்புறம் செவ்வாய்க்கிழமை எதுக்கு? அம்மா வீடு எதுக்கு?"

இந்த ஜாதிப் புதிருக்கு ஒரு சட்டம் உண்டு. குறிப்பின் ஒரு பாதி நேரான பொருள். மறுபாதி, அந்தச் சொல்லைச் சமைக்கும் விதம். வண்டியும் வளர்ப்புப் பிராணியும் சேர்ந்தால் தரையில் விரிக்கலாம் என்றால், கார், பெட், விடை கார்பெட். உப்புக்குச் சப்பாணியாக ஒரு வார்த்தை நிற்கக் கூடாது. இங்கேயோ பாதிக் குறிப்பு கல்யாண வீட்டில் வழி தவறி நுழைந்தவன் போல நின்றது.

"புரியலைன்னு எழுதேன். ரெண்டு வார்த்தை" என்றாள் கிளெனிஸ்.

அவர் விளக்கம் எழுதும் இணையதளத்தின் விதியும் அதுதான். தளத்தை நடத்தும் மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவர். 'விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று எழுதுக. கதை கட்டுகிறவருக்கு இங்கே இடமில்லை' என்று முகப்பிலேயே போட்டிருக்கிறார். நாளிதழில் வரும் புதிருக்கு ஆறு நாள், ஆறு பேர், ஆளுக்கொரு நாள். போன வருஷம் புதன்கிழமைக்காரர் ஒரு குறிப்புக்கு ஏதோ ஆஸ்திரேலிய நாட்டு வழக்கு என்று கதை விட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்தே ஒருவர் மறுத்து எழுதிவிட்டார். அன்று மாலையே புதன்கிழமைக்காரர் பெயர் பட்டியலில் இல்லை.

அந்தப் புதன்கிழமைதான் இப்போது ராட்னிக்குக் கிடைத்திருந்தது. அதுவும் மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக. பதினொரு வருஷம் வரிசையில் நின்று வாங்கிய இடம். ஸ்கிப்டன் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடி கடை வைத்து, ஊரில் பாதிப் பேரின் கண்ணைச் சோதித்திருக்கிறார். அதற்காக யாரும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. புதன்கிழமை காலையில் மட்டும் முந்நூறு நானூறு பேர் அவர் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். அது அவருக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று கிளெனிஸிடம்கூடச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

புதிரைப் போட்டவர் வேறு சாதாரண ஆளில்லை. மரவட்டை. இந்தப் புதிர் போடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு புனைபெயர் உண்டு. மரவட்டை முப்பது வருஷமாகப் போடுகிறார். அவர் குறிப்பில் பிழை என்று இதுவரை எவரும் சொன்னதில்லை. மரவட்டையைப் புரியவில்லை என்று ஒரு தற்காலிகப் புதன்கிழமைக்காரன் எழுதுவதா?

மணி ஏழு ஐம்பத்தாறு. ராட்னி கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

'அபாரமான குறிப்பு. செவ்வாய் என்பது கிழமை அல்ல, செந்நிறக் கிரகம். அதாவது சிவப்பு. தெர்மாமீட்டரின் கண்ணாடிக் குழாயில் இருக்கும் சிவப்புத் திரவம். அது அடியில் ஒரு குமிழில் குடியிருக்கிறது. அதுவே அதன் தாய் வீடு. காய்ச்சல் வந்தால் தாய் வீட்டை விட்டுக் கிளம்பி மேலே ஏறுகிறது. குறிப்பு முழுவதுமே ஒரு சித்திரம். மரவட்டைக்கு வணக்கம்.'

அனுப்பிவிட்டுத் திரும்பினால், கிளெனிஸ் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, இதை நீயே நம்புறியா?"

"ஒருவேளை சரியாவும் இருக்கலாம்."

"அது சரி. புளுகினாலும் பொருந்தப் புளுகியிருக்கே."

கடையில் அன்று காலை முதல் ஆள் ஹெப்வொர்த் என்ற கிழவர், ஆட்டுப்பண்ணைக்காரர். எழுத்துப் பலகையின் கடைசி வரியை மளமளவென்று ஒப்பித்தார். ஒரு எழுத்துகூடச் சரியில்லை.

"ஐயா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அடிச்சு விட்டா எனக்கு எப்படிக் கண்ணாடி போடறது?" என்றார் ராட்னி. சொன்ன வாய் மூடுமுன் காது சிவந்தது.

மதியம் ரொட்டியைப் பிரித்துக்கொண்டு தளத்தைத் திறந்தார். அறுபத்து மூன்று பின்னூட்டங்கள். படிக்கப் படிக்கத் தலை சுற்றியது. 'கண் திறந்தது.' 'இந்த வருஷத்தின் சிறந்த குறிப்பு, அதைவிடச் சிறந்த விளக்கம்.' 'தாய் வீட்டை விட்டுக் கிளம்பி என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்தது.' லீட்ஸிலிருந்து ஒருவர் மட்டும் கேட்டிருந்தார்: 'குறிப்பு முழுவதும் சித்திரம் என்றால், சொல்லைச் சமைக்கும் விதம் எங்கே? இது எந்தச் சட்டத்தில் வருகிறது?'

நல்ல கேள்வி. நல்ல கேள்வி என்பதுதான் தொல்லை. அந்த நிமிஷத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் சிறு தலைக்குனிவோடு போயிருக்கும். ராட்னி எழுதினார்: 'இது அரிதான பழைய முறை. தாய்வீட்டு முறை என்பார்கள்.'

என்பார்கள் என்றால் யார் என்பார்கள்? மாலை நாலு மணிக்கு மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் போன் செய்தார்.

"ராட்னி, நான் நாப்பது வருஷமா இதுல இருக்கேன். இந்தத் தாய்வீட்டு முறையை நான் கேள்விப்பட்டதே இல்லையே?"

"அது ரொம்பப் பழசுங்க."

"யார்கிட்டே கத்துக்கிட்டீங்க?"

"விட்பியிலே ஒரு பாதிரியார். சின்ன வயசுல."

"பேரு?"

"காலமாயிட்டாருங்க" என்றார் ராட்னி அவசரமாக. கேட்காத கேள்விக்குப் பதில் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"அடப் பாவமே" என்றார் மிஸஸ் ஹார்கிரீவ்ஸ். "சரி, உங்களோட அது போயிடக் கூடாது. புதுசா வர்றவங்களுக்கான பக்கத்துல அந்த முறையைப் பத்தி ஒரு பாடம் எழுதிக் குடுங்க. உதாரணத்தோட."

அன்று கிளெனிஸ் சமைத்த ஆட்டுக்கறிப் பணியாரத்தை ராட்னி தொட்டுப் பார்த்ததோடு சரி. "பாதிரியாரை வேற கொன்னுட்டியா?" என்று சிரித்தாள் அவள். சிரித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பாடம் எழுதினார். உதாரணங்களை அவரே இட்டுக்கட்டினார். ஒரு பொய்க்குத் துணையாக ஒன்பது பொய் என்பது சும்மா சொன்னதில்லை. மூன்றாவது வாரம் விபரீதம் முற்றியது. இன்னொரு பத்திரிகையில் யாரோ ஒரு இளம் புதிர்க்காரர், தாய்வீட்டு முறையிலேயே ஒரு குறிப்பைப் போட்டுவிட்டார். அங்கே விளக்கம் எழுதும் ஆசாமிக்கு அது புரியவில்லை. நேர்மையான மனுஷர், ராட்னிக்குக் கடிதம் போட்டார்: 'இந்த முறையில் தாங்களே அதிகாரி. அருள்கூர்ந்து விளக்கவும்.'

ராட்னி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். அவருக்கும் புரியவில்லை. அவர் கண்டுபிடித்த முறை அவருக்கே பிடிபடாமல் போனது.

அந்த வாரக் கடைசியில் மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் மறுபடி போன் செய்தார். குரலில் அப்படியொரு உற்சாகம்.

"ராட்னி, அடுத்த சனிக்கிழமை யார்க்ல நம்ம வருஷாந்திரக் கூட்டம். வழக்கம்போல நொண்டி வாத்துங்கிற பப்ல, மதியம் பன்னெண்டு மணிக்கு. நீங்க பத்து நிமிஷம் தாய்வீட்டு முறை பத்திப் பேசறீங்க. அன்னைக்கே உங்க புதன்கிழமையை நிரந்தரம் பண்ணிடலாம்னு இருக்கேன். இன்னொரு விஷயம், கெட்டியாப் பிடிச்சுக்கங்க. மரவட்டை வர்றாரு."

ராட்னி நிஜமாகவே மேசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷத்துல ஒரு கூட்டத்துக்குக்கூட வராத மனுஷன்! உங்களைப் பார்க்கணும்னே வர்றேன்னு எழுதியிருக்காரு."

ராட்னி இதைக் கிளெனிஸிடம் சொன்னார். "எதுக்கு வர்றாரு? என் முகத்திரையைக் கிழிக்கத்தான். எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, நான் சொன்னது அதில்லைடா முட்டாள்ன்னு சொல்லப் போறாரு. புதன்கிழமை போச்சு, கிளெனிஸ். பதினொரு வருஷம்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "அவர் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லிடு. எழுதி எடுத்துக்கிட்டுப் போ, இல்லைன்னா அங்கே போய் இன்னொரு பாதிரியாரைச் சாகடிப்பே. நானும் கூட வர்றேன்."

எழுதினார். 'நண்பர்களே, தாய்வீட்டு முறை என்று ஒன்று கிடையாது. பத்தொன்பது எனக்குப் புரியவில்லை. வெட்கத்தால் கதை கட்டினேன். விட்பியில் எனக்கு எந்தப் பாதிரியாரையும் தெரியாது.' மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். எழுதிய பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது. ஆனால் ரயிலில் லீட்ஸ் தாண்டியதும் மறுபடி கனத்துவிட்டது.

நொண்டி வாத்து நெரிசலாக இருந்தது. நாற்பது பேர், ஆளுக்கொரு பீர் கோப்பை, சட்டையில் குத்திய அட்டையில் நிஜப்பெயர், அதன் கீழே புனைபெயர். ராட்னியைக் கண்டதும் வழிவிட்டார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "அந்தப் பாதிரியாருக்கு என் அஞ்சலி" என்றார். கிளெனிஸ் இருமினாள்.

மூலையில், ஒல்லியாக, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அட்டையில் 'ஐவர் பெல்' என்றும், கீழே 'மரவட்டை' என்றும் இருந்தது. பக்கத்தில் குண்டாக, கலகலப்பான ஒரு பெண்மணி, உருளைக்கிழங்கு வறுவலைப் பொட்டலத்தோடு பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நான் மைரா. இவரு சம்சாரம்" என்று அவரே அறிமுகம் செய்துகொண்டார். "எனக்கும் இந்தக் கட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு நாள்கூட அந்தப் பக்கத்தைப் பிரிச்சதில்லை. யார்க்ல ஒரு துணிக்கடை இருக்குன்னு வந்தேன். நீங்கதான் ராட்னியா? மூணு வாரமா இவரு உங்களைப் பத்தியேதான் பேச்சு. தூக்கமே இல்லை மனுஷனுக்கு."

ராட்னிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருந்தது. மரவட்டை எழுந்து கை கொடுத்தார். கை ஈரமாக இருந்தது. கோபத்தில் வேர்த்திருக்கும் என்று ராட்னி நினைத்தார்.

"அந்தப் பத்தொன்பது" என்றார் மரவட்டை, தாழ்ந்த குரலில். "எவ்வளவு நேரத்துல கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு... பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம்" என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். "உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

பதில் சொல்வதற்குள் மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். தட்டின தட்டில் நாற்பது பேரும் வகுப்பறை மாதிரி அடங்கினார்கள்.

"முதல்ல நம்ம விருந்தாளி. ஐயா, நீங்க எப்படி வேலை செய்யறீங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லணும்."

மரவட்டை கூச்சத்தோடு நின்றார். "பெரிசா ஒண்ணும் இல்லைங்க. எனக்குக் கம்ப்யூட்டர் வராது. எல்லாம் சீட்டுதான். ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு. முன்பக்கம் விடையை எழுதி சாப்பாட்டு மேசையிலே பரப்பிடுவேன். குறிப்பு தோணத் தோணப் பின்பக்கம் எழுதுவேன். இருபத்தெட்டும் சேர்ந்ததும் அப்படியே கவர்ல போட்டு அனுப்பிடுவேன். மத்ததைப் பத்திரிகையிலே பார்த்துக்குவாங்க."

"சாப்பாட்டை மடியிலே வெச்சுக்கிட்டுத்தான் சாப்பிடணும் எங்க வீட்டுல" என்றார் மைரா. எல்லோரும் சிரித்தார்கள்.

"அடுத்தது ராட்னி" என்றார் மிஸஸ் ஹார்கிரீவ்ஸ்.

ராட்னி எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். கிளெனிஸ் மேசைக்கு அடியில் அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள். "நண்பர்களே" என்று ஆரம்பித்தார். தண்ணீரை எடுத்துக் குடித்தார். "நண்பர்களே, தாய்வீட்டு முறை என்று ஒன்று..."

"ஒரு நிமிஷம்!" மரவட்டை பாய்ந்து எழுந்தார். நாற்காலி சாய்ந்தது. "அவர் பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்."

வந்தது வினை என்று ராட்னி கண்ணை மூடிக்கொண்டார்.

"ராட்னி எழுதின விளக்கம்..." மரவட்டை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். நாற்பது முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "சரியான விளக்கம். நான் நினைச்சது அதேதான். சிவப்பு, குமிழ், தாய் வீடு. எல்லாம் அப்படியே."

ராட்னி கண்ணைத் திறந்தார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ராட்னிக்குக் காதில் எதுவும் விழவில்லை. சரியா? நிஜமாகவே சரியா? அப்படியானால் அவர் புளுகவில்லை. தெரியாமலே கண்டுபிடித்திருக்கிறார்! மூன்று வாரமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து வெளியே நடந்து போனதை அவர் உணர்ந்தார். காகிதத்தை எட்டாக மடித்து, கசக்கி, பைக்குள் திணித்தார். உட்கார்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரவட்டையும் எதிரே பொத்தென்று உட்கார்ந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். பாராட்டுகிறவருக்கு இவ்வளவு வேர்ப்பானேன் என்று யோசிக்கும் நிலையில் ராட்னி இல்லை.

"எனக்கு ஒண்ணும் ஆச்சரியமில்லை" என்றார் மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் நிமிர்ந்து. "நான் அன்னைக்குக் காலையிலேயே பிடிச்சுட்டேன். பழைய முறைதானே. சொல்லிக்கலை, அவ்வளவுதான்."

"எனக்கும் கொஞ்சம் பொறி தட்டுச்சு" என்றார் லீட்ஸ்காரர்.

"யாருக்குத்தான் தட்டலை" என்றார் இன்னொருவர்.

மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, புதன்கிழமைக்கு நேரே இருந்த 'தற்காலிகம்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 'நிரந்தரம்' என்று எழுதினார். எல்லோருக்கும் காட்டினார். மறுபடி கைதட்டல். யாரோ ராட்னி முன்னால் ஒரு பீர் கோப்பையை வைத்தார்கள். அவர் ஒரே மடக்கில் பாதியைக் குடித்தார். உலகம் நல்லவர்களால் நிறைந்திருந்தது.

"பார்த்தியா" என்றார் கிளெனிஸிடம். "ஒருவேளை சரியாவும் இருக்கலாம்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னே, கண்ணு. பாதிரியாருக்கு உயிர் குடுத்துடலாமா?"

மைரா வறுவல் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு, விரல்களைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு பேர் தூக்கி வெச்சு ஆடறாங்களே, அப்படி என்னதான் எழுதினே ஐவர்? எனக்கும் காட்டேன்."

"உனக்குப் புரியாது மைரா" என்றார் மரவட்டை அவசரமாக. "கிளம்பு, துணிக்கடை மூடிடப் போறான்."

ஆனால் மிஸஸ் ஹார்கிரீவ்ஸ் அதற்குள் பாடப் பக்கத்தின் பிரதியை மேசைமேல் விரித்துவிட்டார். முதல் வரியிலேயே, கொட்டை எழுத்தில், விடையும் குறிப்பும் இருந்தன. நாற்பது பேரும் பக்தியோடு பார்த்திருக்க, மைரா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இன்னொரு தரம் படித்தார். வாய்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயோ ஐவர், தெர்மாமீட்டர்னு எழுதின சீட்டு மேசையிலே கிடந்துச்சேன்னு, செவ்வாய்க்கிழமை எங்கம்மா வீட்டுல காய்ச்சல் பார்க்க அதை மறக்காம எடுத்துட்டுப் போன்னு உனக்காக நான் பின்பக்கம் எழுதி வெச்சதை இல்லையா நீ பத்திரிகைக்கு அனுப்பியிருக்கே!"